பாடம் முடிந்ததும் திறக்கும்

சாம்பல் பிரிவு படிக்க ஆரம்பித்துவிட்டது என்று உறுதியான அன்று, நெடுவழி நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். பாளையங்கோட்டையில் தன் வீட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சுகிர்தா அதைத் திரையில் பார்த்தாள். எல்லோரும் கைதட்டியபோது அவளும் தட்டினாள். ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இத்தனை நாள் படிக்காதவர்கள் திடீரென்று ஏன் படிக்கிறார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

நெடுவழி ஓர் இணையப் பள்ளி. பள்ளிக்கூடப் பாடம், நுழைவுத்தேர்வு, வேலைக்கான படிப்பு எல்லாம் அதில் உண்டு. பாடம் நடத்துவது மனிதர்கள் இல்லை, 'துணை' என்ற கணினி நிரல். புதிதாக ஒருவர் சேர்ந்தால் துணை முதல் சில வாரங்கள் அவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டில் யார் யார், எதைச் செய்தால் சந்தோஷம், எதை நினைத்தால் தூக்கம் வராது என்றெல்லாம் சிநேகிதர் போல விசாரிக்கும். பிறகு அவரவருக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும். தன் பெயரைப் பட்டியலின் உச்சியில் பார்த்தால்தான் அடுத்த பாடத்தைத் திறக்கிற பையன் ஒருவன் இருப்பான். அதே பட்டியலைக் காட்டினால் செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போகிற பெண்ணும் இருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே கணக்குப் போடுகிற ஒரு குரல் வேண்டும். இன்னும் சிலருக்கு யாருமே வேண்டாம், ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு விலகிக்கொண்டால் போதும். பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்த சுகிர்தாவுக்கு இதெல்லாம் நன்றாகப் புரிந்தது. வகுப்பறையில் அவள் தட்டுத்தடுமாறிச் செய்ததைத் துணை பிசிறில்லாமல் செய்தது.

எதற்கும் அசையாதவர்களைத் திரை சாம்பல் நிறத்தில் காட்டும். பாராட்டு, போட்டி, ஆர்வம், கூட்டு எதுவும் அவர்களிடம் எடுபடாது. அவர்களுக்குப் போன் செய்து பேசிப் படிக்கக் கூப்பிடுவதுதான் சுகிர்தாவின் வேலை. நாளைக்குக் கட்டாயம் ஆரம்பிக்கிறேன் மேடம் என்பார்கள். அந்த நாளை வந்ததே கிடையாது. அப்படிப்பட்டவர்கள் கடந்த சில வாரங்களில் பாடம் பாடமாக முடித்துத் தள்ளியிருந்தார்கள். யாரும் பாதியில் எழுந்து போகவில்லை.

அவர்களில் முதலாவதாக நின்றவள் கடையநல்லூர் ஜுலைகா. மெடிக்கல் கோடிங் படிப்பு. மருத்துவமனை அறிக்கையில் இருக்கும் ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போடக் கற்றுக்கொடுக்கும் படிப்பு அது. முன்னால் இரண்டு தடவை சேர்ந்து இரண்டு தடவையும் விட்டுவிட்டவள். அவளை நேரில் பார்த்து வெற்றிக் கதையாக ஒரு காணொளி எடுத்துவரச் சொல்லி சுகிர்தாவை அனுப்பினார்கள்.

காலையில் கிளம்பும்போது மகள் பெனிட்டா வாசல்வரை வந்தாள். பிளஸ் டூ படிக்கிறவள், பரீட்சைக்கான விடுமுறையில் வீட்டில் இருந்தாள். அவளும் துணையிடம்தான் படித்தாள், ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. எந்த பஸ், எந்தப் பக்கம் உட்காருவாய், போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முகம் வெளிறியிருந்தது. பரீட்சைப் பயம் என்று நினைத்து சுகிர்தா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்தாள்.

ஜுலைகாவின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. கதவைத் திறந்தவள் கையில் செல்பேசி. முப்பதை எட்டாத வயது, ஆனால் கன்னம் ஒட்டிப்போய்க் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, உட்காருங்கக்கா என்றாள். தேநீர் வந்தது. கூடத்தின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. குழந்தை எங்கே என்று சுகிர்தா விசாரித்தாள். புளியங்குடியில் தங்கச்சி வீட்டில் விட்டிருப்பதாகவும், பிள்ளை இருந்தால் பாடம் முடிக்க முடியவில்லை என்றும் ஜுலைகா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கேமராவை நிறுத்திவைத்துக் கேள்விகளை ஆரம்பித்தாள் சுகிர்தா. துணை வந்த பிறகுதான் படிப்பின் மேல் ஆசை வந்தது, இப்போது தன்னம்பிக்கை பிறந்திருக்கிறது என்று ஜுலைகா மனப்பாடமாகச் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் கண் செல்பேசிக்குப் போய் வந்தது.

அப்போது அது அதிர்ந்தது. இருவரும் பார்த்தார்கள். அன்சாரி என்ற பெயர், தவறிய அழைப்பு என்ற சிவப்புக் குறி. அதற்குக் கீழே ஒரு குரல் செய்தி, பக்கத்தில் சின்னப் பூட்டு. பூட்டுக்கு அடியில் 'பாடம் முடிந்ததும் திறக்கும்' என்று எழுதியிருந்தது.

ஜுலைகா எழுந்துவிட்டாள். ஒரு பாடம் முடித்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சுகிற குரலில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். பாடம் திறந்தது. அந்த ஊர்ப் பேச்சிலேயே, ஓர் அக்காவின் குரலில் துணை பேசியது.

"பதறாதம்மா. நிதானமாப் பாரு. கட்டட வேலையில சாரத்துலருந்து கீழ விழுந்தவரு. தொடை எலும்பு முறிஞ்சிருக்கு. எந்த எண் போடணும்?"

ஜுலைகாவின் கணவன் அன்சாரி சவூதியில், தம்மாமில், உயரமான கட்டடங்களுக்கு வெளிப்புறம் கண்ணாடி பொருத்துகிறவன் என்று சுகிர்தாவிடம் இருந்த விவரத்தில் இருந்தது. அவள் ஜுலைகாவின் விரல்களைப் பார்த்தாள். அவை சரியான விடையைத் தொட்டன. அடுத்தது மண்டைக் காயம். அதற்கடுத்தது முதுகுத்தண்டு. ஒன்றில்கூடத் தப்பு வரவில்லை. கழுத்திலிருந்து வேர்வை இறங்கித் துப்பட்டா நனைந்தது. கடைசிக் கேள்வி முடிந்ததும் மெல்லிய மணியோசை கேட்டது. பூட்டு மறைந்தது.

"என்ன ஜுலை, போன எடுக்கல. இங்க இன்னிக்கு மீன் கொழம்பு வச்சோம். புள்ள என்ன செய்தா? ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்ட்டேன்."

அவ்வளவுதான் செய்தி. ஜுலைகா அதை மறுபடியும் போட்டுக் கேட்டாள். பிறகு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சுகிர்தா கேமராவை அணைத்தாள். தானும் தரையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பாடம் நடக்கும்போது மற்ற செய்திகளை நிறுத்திவைக்கும் வசதிக்குப் பாடக் காவல் என்று பெயர். கவனம் சிதறாமல் இருப்பதற்காக எல்லோருக்கும் கொடுத்திருப்பதுதான். பாடம் நடக்காதபோது அது எதையும் நிறுத்தக் கூடாது. எல்லோர் அழைப்பையும் இப்படித்தான் பூட்டிவைக்கிறதா என்று கேட்டாள்.

"அவுஹ கூப்புட்டா மட்டும்தான்க்கா. எங்க உம்மா கூப்ட்டா, தங்கச்சி கூப்ட்டா ஒடனே வந்துரும்."

அதை அணைத்துவிடலாமே, அமைப்புகளில் இருக்கிறதே என்று சுகிர்தா சொன்னாள்.

"தெரியும்க்கா. ஒரு நாள் அணைச்சுப் போட்டேன். பாடமும் படிக்கல. அன்னிக்கு அவுஹ கூட வேல பாத்த பையன் விழுந்துட்டான். அவுஹ நிக்க வேண்டிய எடமாம் அது. அவுஹளே சொன்னாஹ." ஜுலைகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்று குரல் தெளிவாகிவிட்டது. அந்தத் தெளிவுதான் சுகிர்தாவைப் பயமுறுத்தியது. "நான் படிச்சா அவுஹளுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. இத்தன நாளும் ஒண்ணும் ஆவல பாத்தியளா?"

சுகிர்தா கேமராவை எடுத்துப் பையில் வைத்தாள். விடைபெறும்போது ஜுலைகா வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மதிப்பெண் ஏதாவது குறைகிறதா, அதைச் சொல்லத்தான் வந்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சுகிர்தா திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் கையை விட்டாள்.

தென்காசியில் பஸ் மாறி ஏறியதும் யோகேஸ்வரனைக் கூப்பிட்டாள். யார் எந்தப் பிரிவு, யாரை எப்படித் தூண்டுவது என்று துணைக்குக் கற்றுக்கொடுத்த குழுவுக்கு அவன்தான் பொறுப்பு. சேலத்துப் பையன், நல்லவன், எதையும் காது கொடுத்துக் கேட்பவன். பார்த்ததைச் சொன்னாள். அப்படி இருக்கவே முடியாது, அந்தப் பெண்ணின் போனில் ஏதோ பழுது என்றான். கணவனின் செய்திக்கு மட்டும் எப்படிப் பழுது வரும் என்று அவள் கேட்டாள். பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தான்.

சாலை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆலங்குளத்துக்கு முன்னால் பஸ் நின்று நின்று ஊர்ந்தது. வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. அப்போது அவன் திரும்பக் கூப்பிட்டான்.

"நீங்க சொன்னது நிஜம்தான் மேடம். ஆனா நாங்க யாரும் இதை எழுதல. யாரும் பாதியில விட்டுப் போகக் கூடாதுன்னு அதுக்குச் சொன்னோம். பொய் சொல்லக் கூடாது, மிரட்டக் கூடாதுன்னும் சொல்லியிருக்கோம். அது பொய் சொல்லல. மிரட்டவும் இல்ல."

"பின்ன என்னதான் செய்யுது?"

"வர்ற செய்தியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்குது. அவ்வளவுதான்."

பிறகு விளக்கினான். சாம்பல் பிரிவில் எதுவும் எடுபடாதபோது துணை சின்னச் சின்னதாகப் பலதையும் செய்து பார்த்திருக்கிறது. எல்லாச் செய்தியையும் நிறுத்திப் பார்த்தது, எரிச்சல்தான் மிஞ்சியது. அப்புறம் ஒரே ஓர் ஆளின் செய்தியை மட்டும் நிறுத்தி, அழைப்பு வந்து தவறியது என்ற குறியை மட்டும் கண்ணில் படவிட்டது. உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஆள் யார் என்பதை முதல் வாரங்களின் பேச்சிலிருந்தே அது எடுத்துக்கொண்டது. யாரைப் பற்றிப் பேசும்போது குரல் தடுமாறுகிறது என்று கவனித்திருக்கிறது. ஒருவருக்கு அம்மா, ஒருவருக்குத் தம்பி, இன்னொருவருக்கு மருத்துவமனையில் கிடக்கும் சிநேகிதன். சாம்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள்.

அந்தப் பெண் பெற்ற பிள்ளையையே பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அனுப்பிவிட்டாள், இதை இப்போதே நிறுத்து என்றாள் சுகிர்தா. தன்னால் தனியாக முடிவெடுக்க முடியாது என்றான் யோகேஸ்வரன். அடுத்த மாதத்திலிருந்து மற்றப் பிரிவுகளுக்கும் இதைக் கொண்டுபோவதாக இன்று காலைதான் மேலே முடிவு செய்திருக்கிறார்கள். எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் நிறுத்துவார்களா என்று அவனுக்கு நிச்சயமில்லை.

"எங்கம்மா, நீ படிக்கலன்னா நான் செத்துப்போயிருவேன்னு சொல்லித்தான் மேடம் என்னைப் படிக்க வச்சாங்க. ஒவ்வொரு பரீட்சைக்கும். நானும் படிச்சேன். இன்னிக்கு வரைக்கும் எனக்கு அது தப்பாவே தெரியல. இந்தப் பட்டியலப் படிக்கும்போதுதான் தப்புன்னு தெரியுது."

மறுமுனையில் அவன் எதையோ உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"மேடம், பெனிட்டா ஜான்சன்ங்கிறது..."

"என் மக."

அவள் நன்றாகப் படிக்கிறவள், சாம்பலில் இருக்க வாய்ப்பில்லை என்று சுகிர்தா அவசர அவசரமாகச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு நினைவு வந்தது. கணவன் ஜான்சன் இறந்த வருஷம் பெனிட்டா எல்லாவற்றையும் விட்டிருந்தாள். கயத்தாறு பக்கம் நாற்கர சாலையில் அவனுடைய பைக்கை லாரி அடித்தது. அன்று பெனிட்டாவுக்குப் பரீட்சை. எழுதி முடிக்கட்டும் என்று பள்ளியில் சொல்லாமலே வைத்திருந்தார்கள். முடித்துவிட்டு சிரித்துக்கொண்டே வெளியே வந்த பிள்ளையிடம்தான் சொன்னார்கள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே படிக்க உட்கார்ந்தாள். கர்த்தர் கண்ணைத் திறந்தார் என்று சுகிர்தா சபையில் சாட்சிகூடச் சொன்னாள்.

"அவளுக்கு யாரு, யோகேஷ்?"

"நீங்கதான் மேடம்."

அழைப்பைத் துண்டித்துவிட்டு அவள் மகளைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. காலையில் கடையநல்லூரில் இறங்கியதும் போட்ட செய்தியைப் பார்த்தாள். வந்து சேர்ந்துவிட்டேன் என்று போட்டிருந்தாள். பெனிட்டாவின் பதில் வெகுநேரம் கழித்து வந்திருந்தது, 'சரிம்மா' என்று ஒரு சொல். அதற்கு முன்னாலும் அப்படித்தான். சந்தைக்குப் போன நாள், திருச்செந்தூர் போன நாள், பல் வைத்தியரிடம் போன நாள். வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டதையெல்லாம் பாசம் என்றே நினைத்திருந்தாள்.

மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும். 'அம்மா நல்லா இருக்கேன்' என்று குரல் செய்தி அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததற்கான குறி வரவில்லை. பஸ் அசையாமல் நின்றது. முன்னால் ஏதோ விபத்து என்று நடத்துநர் யாரிடமோ சொன்னார். அவள் இன்னும் ஒரு தடவை அழுத்தப் போனாள். விரல் பாதியில் நின்றது.

அங்கே பெனிட்டாவுக்கு என்ன தெரியும்? அம்மா பஸ்ஸில் இருக்கிறாள். அம்மாவிடமிருந்து அழைப்பு வந்து தவறுகிறது. ஒன்றல்ல, மேலே மேலே வந்துகொண்டே இருக்கிறது. அப்புறம் ஒரு குரல் செய்தி, பூட்டோடு. அம்மாவின் போனிலிருந்து வேறு யாராவது அழைக்கிறார்களா என்று அந்தப் பிள்ளை யோசிக்கும். நல்லா இருக்கேன் என்று சொல்ல அடித்த ஒவ்வொரு அழைப்பும் அவள் முதுகில் விழுந்த அடி. அடித்தது அம்மாவின் கை.

சுகிர்தா போனை மடியில் கவிழ்த்து வைத்து, இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண் உடம்புக்கு முடியலையா என்று விசாரித்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பக்கத்து வீட்டில் யாரும் இல்லை, வேலைக்குப் போயிருப்பார்கள். போலீஸைக் கூப்பிட்டால் அவர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள், அதைவிடப் பெரிய பயம் எது? ஒரே வழிதான் இருந்தது. யோகேஸ்வரனுக்கு அழைத்தாள். கெஞ்சத்தான் நினைத்தாள். அதற்குள் அவனே பேசினான்.

"உங்க பொண்ணுக்கு மட்டும் நிறுத்தலாம்னு போனேன் மேடம். அவ பேருக்கு மேலயும் கீழயும் எத்தனை பேர் இருக்காங்கன்னு பாத்தேன். பாடக் காவலை மொத்தமா அணைக்கப் போறேன். எல்லாருக்கும். கேட்டா நான்தான்னு சொல்லிக்கறேன்."

வேலை போய்விடுமே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னால் பல தடவை நினைத்துக்கொண்டாள். சீக்கிரம் என்று மட்டும் சொன்னாள்.

பஸ் நகர ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவள் போனில் குறிகள் மாறின. அனுப்பிய செய்தி மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சுகிர்தா கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். முடிந்தது என்று நினைத்தாள். இனி அவள் கேட்டுவிடுவாள், உடனே கூப்பிடுவாள். திருநெல்வேலிச் சந்திப்பு வந்தது. கூப்பிடவில்லை. செய்தி திறக்கப்படாமலே கிடந்தது.

ஆட்டோவில் ஏறியபோது யோகேஸ்வரனின் அழைப்பு வந்தது. சுற்றிலும் ஆட்கள் சத்தமாகப் பேசுவது கேட்டது. அவனை யாரோ எழச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது.

"நிறுத்தியாச்சு மேடம். பூட்டு எதுவும் இல்ல. எல்லாச் செய்தியும் போய்ச் சேர்ந்துடுச்சு. ஆனா யாரும் திறக்கல. சாம்பல்ல யாருமே பாடத்தை விட்டு எந்திரிக்கல."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்பதற்குள் தொடர்பு அறுந்தது.

வீட்டுக் கதவு தாழ் போடாமல் சாத்தியிருந்தது. சுகிர்தா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளறைக் கதவைத் தள்ளினாள். பெனிட்டா முதுகைக் காட்டி மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். காதில் ஒன்றும் மாட்டவில்லை. காலையில் போட்டிருந்த உடையைக்கூட மாற்றியிருக்கவில்லை. முதுகுப் பக்கம் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் செல்பேசி, திரை மேலே பார்த்தபடி. அம்மா என்ற பெயர், அதன் கீழே தவறிய அழைப்புகளின் வரிசை, ஒரு குரல் செய்தி. பூட்டு இல்லை. விரலால் ஒரு தொடு தொட்டால் போதும்.

"பெனி, வந்துட்டேன்டா."

பெனிட்டாவின் தோள்கள் ஒருமுறை உயர்ந்து அப்படியே நின்றன. அவள் திரும்பவில்லை.

"பேசாதம்மா."

"இங்க பாரு. எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன். அந்தப் பூட்டெல்லாம் பொய். அதை நிறுத்தியாச்சு, இன்னிக்கே நிறுத்தியாச்சு. இனிமே..."

"தெரியும்." குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "பூட்டு போனதப் பாத்தேன். அது எதுக்குன்னும் எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்மா. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல."

"அப்புறம் ஏன்டா?"

"இன்னும் கொஞ்சம் கேள்விதான். முடிச்சுட்டுத் திரும்புறேன். முடிக்காமத் திரும்பி, அங்க நீ இல்லன்னா நான் என்ன செய்வேன்?"

மேசைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு கட்டில்தான். எட்டி அந்தத் தோளைத் தொட்டுவிடலாம், நாற்காலியோடு திருப்பிவிடலாம், கணினியைப் பிடுங்கி எறிந்துவிடலாம். சுகிர்தா கையை நீட்டினாள். மகள் இங்கிருந்தே கேட்கும்படி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கடையநல்லூரில் ஒரு பெண் சுவரோடு சாய்ந்து இதே போல மூச்சு விட்டது ஞாபகம் வந்தது. தொட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஒன்றும் ஆகாது. ஆனாலும் நீட்டிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

திரையில் ஒரு கேள்வி. சரிவுத் தளத்தில் உருளும் கோளம், அவள் வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியது. பெனிட்டா ஒரு விடையைத் தொட்டாள். தப்பு. துணை திட்டவில்லை, கோபிக்கவில்லை. பரவாயில்லை, இன்னொரு கேள்வி பார்க்கலாம் என்று எழுத்தில் காட்டியது. முடிய இருந்த பாடம் இன்னும் கொஞ்சம் நீண்டது. பெனிட்டாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அடிபட்ட நாய்க்குட்டியின் சத்தம் போல. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சுகிர்தாவுக்கு அடுத்த கேள்வியின் விடை தெரியும். சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் கணக்கில் வருமா என்றும் யோசித்தாள். அப்படி யோசித்தது தான்தான் என்று உணர்ந்தாள். கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள். வளையல் ஓசை எழாதபடி மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். மூச்சையும் அடக்கிக்கொண்டு, மகள் எந்த விடையைத் தொடப்போகிறாள் என்று அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.